அவுட்லாஸ்ட் 2: பாதிப் பேர் திட்டும் கேமை எப்படி விளையாடுவது

அவுட்லாஸ்ட் 2 பற்றி விளையாடியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "முதல் பாகம் மாதிரி இல்லை, கடுப்பாக இருக்கிறது, பாதியில் விட்டுவிட்டேன்" என்பார் ஒருவர். "இந்த அளவுக்கு எந்த ஹாரர் கேமும் என்னைப் பயமுறுத்தியதில்லை" என்பார் அடுத்தவர். 2017 ஏப்ரல் 25 அன்று வெளிவந்த கேம் இது, இத்தனை வருடம் ஆகியும் சண்டை ஓயவில்லை. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், அதுதான் இதில் வேடிக்கை.

என் கணக்கு இதுதான். 2013இல் வந்த முதல் பாகம் கண்ணாமூச்சி, இரண்டாம் பாகம் ஓடிப்பிடிச்சு. கேமரா அதேதான், இருட்டில் பார்க்க உதவும் அதன் நைட் விஷன் அதேதான், கையில் ஆயுதம் கிடையாது என்பதும் அதேதான், ஆனால் ஆட்டம் வேறு. முதல் பாகத்தில் பழகிய கையோடு வந்து ஒளிய லாக்கரைத் தேடுகிறவர் சோளக்காட்டு நடுவில் நின்று செத்துக்கொண்டே இருப்பார், பிறகு கேமைத் திட்டுவார். அந்தத் திட்டில் பாதி நியாயமானது, மீதியைத் தவிர்த்துவிடலாம். அதற்குத்தான் இந்தக் கையேடு. கதையின் முடிவு பற்றிக் கடைசிப் பகுதியில் பேசியிருக்கிறேன், வேண்டாதவர்கள் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் இது உங்களுக்கான கேமா என்று பாருங்கள்

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். இதில் வருவது வெறும் ரத்தமும் சதையும் மட்டும் இல்லை. ஒரு மதவெறிக் கூட்டம், கொல்லப்பட்ட குழந்தைகள், பாலியல் வன்முறை, பள்ளிச் சிறுமி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமை, தற்கொலை போலக் காட்டப்படும் ஒரு சாவு என்று எல்லாம் வருகிறது. 2017 மார்ச்சில் ஆஸ்திரேலியத் தணிக்கைக் குழு முதலில் இதற்குச் சான்றே தர மறுத்துவிட்டது. பாலியல் வன்முறையைக் காட்டும் ஒரு காட்சிதான் காரணம். பிறகு சில நாளிலேயே 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சான்று கிடைத்தது, உலகம் முழுக்க ஒரே பதிப்புதான் வெளிவரும் என்று கேமை உருவாக்கிய ரெட் பேரல்ஸ் நிறுவனமும் சொன்னது. இந்த வகைக் காட்சிகள் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் தயக்கமே இல்லாமல் விட்டுவிடுங்கள், "தைரியசாலி" பட்டத்துக்காக யாரும் இதை முடிக்கத் தேவையில்லை.

அடுத்தது, மற்றவர்கள் எழுதிய விமர்சனத்தைப் படிக்கும் முறை. கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒவ்வொரு விமர்சனத்தின் மேலும் அவர் எத்தனை மணி நேரம் விளையாடியிருக்கிறார் என்று இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். இந்தக் கேமை முடிக்கச் சுமாராக 8லிருந்து 10 மணி நேரம் ஆகும். ஒன்றரை மணி நேரத்தில் விட்டவர் எழுதிய "எங்கே போவதென்றே தெரியவில்லை" ஒரு வகைப் புகார். 9 மணி நேரம் விளையாடி முடித்துவிட்டு "கதை புரியவில்லை" என்பவருடையது முற்றிலும் வேறு புகார். முதலாவதற்கு மருந்து உண்டு, கீழே சொல்கிறேன். இரண்டாவதற்கு அரை மருந்துதான் உண்டு.

தேதியையும் பாருங்கள். வெளியான புதிதில் எழுதப்பட்ட பல திட்டுகள் கேமின் கடினத்தைப் பற்றியவை. அதற்கு அடுத்த வருடம், 2018இல், ஸ்டோரி மோட் என்ற எளிய நிலையைச் சேர்த்தார்கள். எதிரிகள் குறைவு, அவர்கள் நம்மைக் கவனிப்பதும் துரத்துவதும் மந்தம். ஸ்டீமில் தேதிவாரியாக வடிகட்டிப் படிக்கலாம், ஆகவே 2017இன் கோபத்தை வைத்து இன்றைய கேமை எடைபோட வேண்டாம்.

இன்னொன்று, ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இந்தக் கேமுக்கு அந்த இரண்டு மணி நேரம் தாராளம். அதற்குள் ஊரையும் பார்த்திருப்பீர்கள், பள்ளிக்கூடத்தையும் பார்த்திருப்பீர்கள், துரத்தி வரும் கொலைகாரி மார்டாவிடமும் மாட்டியிருப்பீர்கள். மார்டாவைப் பார்த்த பிறகும் தொடர வேண்டும் போலிருந்தால் கேம் உங்களுக்கானது.

எந்த நிலையில் ஆரம்பிப்பது

முதல் முறை நார்மல். அதில் கௌரவம் பார்க்காதீர்கள். ஹார்ட், நைட்மேர் எல்லாம் வழி மனப்பாடமான பிறகு விளையாடுவதற்கு. இந்தக் கேமில் பயம் என்பது முதல் சாவு வரைக்கும்தான். ஒரே இடத்தில் நான்காவது முறை சாகும்போது பயம் போய், எரிச்சல் வந்து உட்கார்ந்துகொள்ளும். மார்டா சிலுவை போலிருக்கும் பெரிய குந்தாலியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், உங்களுக்கோ "சரி சரி, சீக்கிரம் வெட்டு, மறுபடி ஓடணும்" என்று தோன்றுகிறது. ஹாரர் கேமுக்கு இதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. விமர்சனங்களில் "செத்துச் செத்துக் கற்றுக்கொள்ள வைக்கிறது" என்று திரும்பத் திரும்ப வரும் குறை இதுதான், அதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். துரத்தல் காட்சிகளில் பல இடங்களில் சரியான வழி ஒன்றே ஒன்று, அது இருட்டில் இருக்கிறது, தவறான பக்கம் திரும்பினால் சாவு. எவ்வளவு திறமை இருந்தாலும் முதல் தடவையிலேயே அந்த வழி தெரிய வாய்ப்பில்லை.

ஆகவே சாவுகளைக் குறைப்பதுதான் பயத்தைக் காப்பாற்றும் வழி. ஒரே இடத்தில் மூன்று நான்கு முறைக்கு மேல் மாட்டிக்கொண்டால் வெட்கப்படாமல் அந்த இடத்தை மட்டும் ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு மேலே போங்கள். கேம் கெட்டுப்போகாது, மாறாக அடுத்த காட்சிக்குப் பயம் மிச்சமிருக்கும். ஹார்ட்டில் ஆரம்பித்து வெறுத்துப்போனவர்களும் மூட்டை கட்டுவதற்கு முன் ஒரு தடவை கீழ் நிலைக்கு இறங்கிப் பாருங்கள்.

திரை வெளிச்சம் பற்றி: அமைப்பில் சொல்வதைவிடக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், கூட்டி வையுங்கள். முழு இருட்டாக வைத்தால் எப்போதும் நைட் விஷனிலேயே கிடப்பீர்கள், பேட்டரி தீரும், அதைவிட முக்கியமாக, பச்சை நிறத்திலேயே கேம் முழுவதையும் பார்ப்பீர்கள். இந்தக் கேமின் நிலவொளியும் தீ வெளிச்சமும் அவ்வளவு அழகு, திட்டுபவர்கள்கூடக் காட்சியமைப்பைக் குறை சொல்வதில்லை. அன்ரியல் எஞ்சின் 3 என்ற பழைய கேம் மென்பொருளில் இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஹெட்போன் கட்டாயம். பயம் கூடும் என்பதற்காகச் சொல்லவில்லை. யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று தெரிவதற்கு வேறு வழி குறைவு.

ஒளிவதை மறந்துவிடுங்கள்

முதல் பாகத்தின் மவுன்ட் மாசிவ் மனநலக் காப்பகம் ஒரு கட்டடம். நடைபாதை, அறை, கதவு, லாக்கர், கட்டில். கிறிஸ் வாக்கர் என்ற எதிரி சங்கிலி சத்தத்தோடு வருவான், நீங்கள் கட்டிலுக்கு அடியில் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பீர்கள், அவன் எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். எதிரிக்கு ஒரு சுற்று உண்டு, அந்தச் சுற்றைப் படிப்பதுதான் விளையாட்டு.

இரண்டாம் பாகம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வெட்டவெளியில் நடக்கிறது. கேமராமேன் பிளேக் லாங்கர்மன், அவன் மனைவி லின், இருவரும் பத்திரிகைக்காரர்கள். யாரென்றே தெரியாத ஒரு கர்ப்பிணியின் கொலையைத் துப்பறிந்துகொண்டு ஹெலிகாப்டரில் வருகிறார்கள், அது விழுகிறது, லின்னைக் காணவில்லை, பக்கத்தில் டெம்பிள் கேட் என்ற ஊர். சல்லிவன் நோத் என்ற போதகரைக் கடவுளின் வாய் என்று நம்பும் ஊர் அது. இங்கே சுவர் குறைவு, கூட்டம் அதிகம். ஒரே ஒரு எதிரி ஒரே பாதையில் சுற்றுவதற்குப் பதில் டார்ச்சோடு ஐந்தாறு பேர் பரவி வருகிறார்கள். பீப்பாய், அலமாரி, கட்டிலடி, குளத்துத் தண்ணீர் என்று ஒளிய இடம் உண்டு. ஆனால் அவை ஓட்டத்துக்கு நடுவில் மூச்சு வாங்கும் இடங்கள், அங்கேயே காத்திருந்தால் ஊர் உங்களை மறந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

ஒரு புது இடத்துக்குள் நுழைந்தவுடன் "எங்கே ஒளியலாம்" என்று தேடுவது முதல் பாகத்துப் பழக்கம். இங்கே "எங்கே வெளியேறலாம்" என்று தேடுங்கள். வாசலிலேயே நின்று கேமராவின் ஜூமை வைத்து எதிர்ப்பக்கத்தைத் துழாவுங்கள். பெரும்பாலும் வழி இருக்கும் பக்கம் ஒரு வெளிச்சம் இருக்கும். மெழுகுவர்த்தி, விளக்கு, எரியும் பந்தம், ஏதோ ஒன்று. வேலியில் ஓர் இடைவெளி, பக்கவாட்டில் நுழையும் சந்து, தவழ்ந்து போகும் ஓட்டை, ஏறக்கூடிய ஒரு விளிம்பு, இந்த நான்கைத்தான் கேம் மாற்றி மாற்றிக் கொடுக்கும். அதைக் கண்டுபிடித்த பிறகு நகருங்கள். யாரும் பார்க்காத வரை குனிந்து போங்கள், பார்த்துவிட்டால் யோசிக்காமல் ஓடுங்கள். பார்த்துவிட்ட பிறகு பீப்பாய்க்குள் இறங்குபவரை வெளியே இழுத்துப் போடுவார்கள், அப்புறம் "ஸ்டெல்த் (கண்ணில் படாமல் நகர்வது) வேலை செய்யவில்லை" என்று புகார் எழுத வேண்டியதுதான்.

ஓடுவதற்கும் ஓர் அளவு உண்டு. பிளேக்கின் மூச்சு தீரும், தீர்ந்தால் வேகம் குறையும், இரைப்பும் கேட்கும். அதனால் ஆபத்து இல்லாத இடத்தில் சும்மா ஓடாதீர்கள். ஓடும்போது குனியும் விசையை அழுத்தினால் சறுக்கிக்கொண்டு போவான், தாழ்வான இடைவெளிகளில் இது ஒன்றே உயிர் காக்கும். கதவு இருந்தால் சாத்துங்கள், தாழ்ப்பாள் இருந்தால் போடுங்கள். உடைத்துக்கொண்டு வருவார்கள்தான், ஆனால் அந்த மூன்று நான்கு விநாடி போதும். கட்டுப்போட அந்த விநாடிகளைத்தான் பயன்படுத்த வேண்டும், முதல் பாகத்தில் காயம் தானாக ஆறியதே என்ற நினைப்பில் இங்கே இருக்காதீர்கள். கட்டுத்துணியைச் சேமித்துச் சேமித்துக் கடைசியில் முழுப் பையோடு சாவதும் ஒரு பொதுவான பழக்கம். அளவுக்கு மேல் எடுத்துக்கொள்ளவும் முடியாது, ஆகவே பாதி உயிர் போனவுடன் கட்டிவிடுங்கள்.

கேமராவைக் காதாகப் பயன்படுத்துங்கள்

இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கையேட்டை எழுதலாம். இரண்டாம் பாகத்தின் கேமராவில் புதிதாக வந்தது மைக். அதை இயக்கினால் திரையில் இடம் வலமாகச் சத்தத்தின் அளவு தெரியும், நீங்கள் கேமராவைத் திருப்பும் திசையில் இருக்கும் சத்தம் பெரிதாகக் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் யார் நடக்கிறார்கள், எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம். கேமைப் பிடிக்காதவர்களில் பலர் இந்த மைக்கை முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு தொடுவதே இல்லை என்று நினைக்கிறேன். அவர்கள் மீதும் தப்பில்லை, கேம் இதை ஒரு முறை சொல்லிக்கொடுத்துவிட்டு "இங்கே பயன்படுத்து" என்று வற்புறுத்துவதே இல்லை.

சோளக்காட்டில் இதைப் பயிற்சி செய்யுங்கள். அங்கே நைட் விஷன் போட்டால் கண் முன்னால் தட்டை தட்டையாகப் பச்சைத் தண்டுகள் மட்டும் தெரியும், ஒரு பயனும் இல்லை. நைட் விஷனை அணையுங்கள். தேடி வருபவர்கள் டார்ச் வைத்திருக்கிறார்கள், இருட்டில் அந்த வெளிச்சம் தூரத்திலேயே தெரியும். வெளிச்சத்தைக் கண்ணாலும் காலடியை மைக்காலும் பின்தொடருங்கள். ஒரு டார்ச் உங்கள் பக்கம் திரும்பினால் தரையோடு தரையாகப் படுத்துவிடுங்கள், தவழ்ந்தே நகரலாம். அது திரும்பும்போது அதற்குப் பின்னால் கடந்து போங்கள். இப்படி ஒரே ஒரு முறை யாருக்கும் தெரியாமல் சோளக்காட்டைத் தாண்டிவிட்டால் போதும், இந்தக் கேமை ஏன் சிலர் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று தெரிந்துவிடும். முதல் பாகத்தில் இப்படி ஒரு காட்சி கிடையாது, அந்தக் கட்டடத்துக்குள் இருந்திருக்கவும் முடியாது.

பேட்டரி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நைட் விஷன் அதை வேகமாகத் தின்கிறது. தேவையான இரண்டு விநாடி போட்டுப் பாருங்கள், வழியை மனத்தில் வைத்துக்கொண்டு அணையுங்கள். வீடுகளுக்குள் நுழையாமல் தெரு வழியே ஓடுபவர்களுக்குத்தான் பேட்டரிப் பஞ்சம் வரும். அமைதியாக இருக்கும் இடங்களில் ஒவ்வொரு வீட்டையும் மேய்ந்துவிடுங்கள்.

மார்டா

நெட்டையான உருவம், வேதவசனம் போல ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வருவாள். அந்த முணுமுணுப்புதான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சலுகை, வரும் முன்பே கேட்கும். பிடிபட்டால் ஒரே வெட்டு. கட்டுத்துணிக்கெல்லாம் வேலையே இல்லை.

மார்டாவிடம் இரண்டு வகைச் சந்திப்பு இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் எரிச்சல் பாதியாகிவிடும். ஒன்று, அவள் அந்த இடத்தைச் சுற்றித் தேடிக்கொண்டிருப்பது. அங்கே அவளைச் சுற்றிப் போகலாம், மைக் உதவும், அவசரம் வேண்டாம். இன்னொன்று, இசை திடீரென்று எகிறி அவள் நேராக உங்களை நோக்கி வருவது. அங்கே ஸ்டெல்த் கிடையாது, ஒளிய இடம் தேடுவது வீண், எதிர்த்திசையில் வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே ஓட வேண்டியதுதான். இசையமைப்பாளர் சாமுவேல் லஃபிளாம் இதில் நமக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார், எந்த வகைச் சந்திப்பு என்பதை இசையே சொல்லிவிடும். ஓடும்போது திரும்பிப் பார்க்காதீர்கள். திரும்பிப் பார்க்கும் வசதியைக் கேம் கொடுத்திருக்கிறது, வேலிக் கம்பில் முட்டிக்கொள்வதற்கு!

அப்புறம், சில இடங்களில் என்ன செய்தாலும் பிளேக் பிடிபடுவான், கதை அப்படி எழுதப்பட்டிருக்கிறது. பிடிபட்டதும் மறுபடி பழைய இடத்திலிருந்து தொடங்காமல் காட்சி தொடர்ந்து ஓடினால் அது உங்கள் தோல்வி இல்லை, விட்டுவிடுங்கள். தப்பிக்க வழியே இல்லாத இப்படிப்பட்ட இடங்களையும் வழி இருக்கும் இடங்களையும் கேம் தெளிவாகப் பிரித்துக் காட்டாதது அதன் பெரிய குறை. முதல் பாகமும் இதைச் செய்தது, ஆனால் இங்கே அளவு மிஞ்சிவிட்டது.

நடுப்பகுதியில் தொய்வு வரும்

ஊரைத் தாண்டிக் காட்டுக்குள் போனால், நோத்தின் கூட்டத்தால் ஒதுக்கிவைக்கப்பட்ட நோயாளிகள் வாழும் பகுதி வரும். அங்கே லெய்ர்ட், நிக் என்று ஒரு ஜோடி. உடல் சிறுத்த லெய்ர்ட், பெரிய உருவமான நிக்கின் தோளில் ஏறிக்கொண்டு அம்பு விடுவான். கற்பனை அபாரம். ஆனால் ஆட்டமாகப் பார்த்தால் கேமில் பலர் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான், எனக்கும் இந்தப் பகுதி கொஞ்சம் நீளம் என்றே படுகிறது. ஓடு, ஒளி, பிடிபடு, ஒரு கொடூரக் காட்சி, தப்பி ஓடு. இதையே வேறு வேறு ஆட்களை வைத்துத் திரும்பச் செய்கிறது.

இதற்குத் தந்திரம் ஒன்றும் இல்லை, ஒரே இரவில் முடிக்க முயலாதீர்கள், அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரம் விளையாடினால் நிறுத்துங்கள். முதல் பாகத்தை ஒரே மூச்சில் முடித்தவர்கள் இதையும் அப்படி முடிக்கப் பார்க்கிறார்கள், அது ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடும் கேம், இது அப்படியில்லை. பயம் தொடர்ந்து மணிக்கணக்கில் இருந்தால் மரத்துப்போகும். பள்ளிக்கூடக் காட்சி ஒன்று முடிந்து பிளேக் மறுபடி அரிசோனாவில் கண்விழிக்கும் இடம் நிறுத்துவதற்கு ரொம்பத் தோது. கேம் தானே சேமித்துக்கொள்ளும், நீங்கள் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தப் பள்ளிக்கூடக் காட்சிகளைப் பற்றி. நடு ஓட்டத்தில் பிளேக் திடீரென்று தன் சிறுவயது கத்தோலிக்கப் பள்ளியின் காலி நடைபாதையில் நிற்பான். "துரத்தலின் வேகத்தை இவை உடைக்கின்றன" என்று ஒரு சாரார், "கேமிலேயே சிறந்த பகுதி இதுதான்" என்று இன்னொரு சாரார். நான் இரண்டாவது சாரார். இங்கே அவசரப்படாதீர்கள், மெதுவாக நடந்து போங்கள். லாக்கரை, கரும்பலகையை, காலி வகுப்பறையைப் பாருங்கள். ஊரில் ஓடிக்கொண்டே இருந்த உங்களை இங்கே நடக்கவைத்துப் பயமுறுத்துவதுதான் நோக்கம். ஓடிக் கடந்தால் வெறும் நடைபாதைதான் மிஞ்சும். பின்னால் போகப் போக இங்கேயும் ஒன்று துரத்தும், அப்போது ஓடலாம்.

கதை புரியவில்லை என்பவர்களுக்கு (முடிவு பற்றிய தகவல் உண்டு)

இந்தக் கேமின் மீதுள்ள நியாயமான கோபங்களில் முதலிடம் இதற்கு. கர்ப்பமாகவே இல்லாத லின் சில மணி நேரத்தில் நிறைமாதமாகிறாள், குழந்தை பிறக்கிறது, அவள் இறந்துபோகிறாள், பிளேக் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்க, வானம் வெளுக்கிறது. முடிந்தது. ஊரை ஓடியே கடந்தவருக்கு இது ஒன்றும் புரியாது, புரியவும் முடியாது. ஏனென்றால் விளக்கம் வசனத்தில் இல்லை, வழியில் கிடக்கும் காகிதங்களில் இருக்கிறது. அவ்வப்போது வானத்தை வெளுக்கவைக்கும் அந்தப் பேரொளியும், தூரத்துக் கோபுரமும், முதல் பாகத்தின் மர்காஃப் நிறுவனத்தின் பரிசோதனையும் ஒரே சங்கிலி. ஊரே பார்ப்பது உண்மையா, மூளையில் ஏற்றப்பட்ட பிரமையா என்ற கேள்வியைக் கேம் அங்கேதான் வைத்திருக்கிறது. கடைசிக் குழந்தைக்குத் தரையில் நிழல் விழுகிறதா என்று கவனியுங்கள்.

ஆகவே செய்ய வேண்டியது: காகிதம் கிடைத்தால் எடுங்கள், ஆனால் ஆபத்தான இடத்தில் படிக்காதீர்கள், ஓர் அறையில் தாழ் போட்டுக்கொண்டு படியுங்கள். கேமராவில் பதிவுசெய் என்று குறி தோன்றும் இடங்களில் பதிவுசெய்யுங்கள், பிறகு அந்தப் பதிவைத் திறந்து பார்த்தால் பிளேக் தன் குரலில் அதைப் பற்றிப் பேசுவான். அவனை "வாயே திறக்காத பொம்மை" என்று சொல்பவர்கள் அந்தப் பதிவுகளைத் திறந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிளேக்கின் தோழி ஜெசிகாவுக்கு என்ன நடந்தது என்பதையும், பிளேக் ஏன் அதைச் சுமக்கிறான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் லின்னைத் தேடும் ஓட்டத்துக்கு வேறொரு அர்த்தம் வருகிறது.

இவ்வளவு செய்தாலும் முழுக்கத் தெளியாது. கதையின் மிச்சத்தை மர்காஃப் பற்றிய காமிக்ஸில் தனியாக வெளியிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய கேமின் முக்கியமான விளக்கத்தை வேறோர் இடத்தில் போய்ப் படிக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. இந்தக் குறையைச் சொல்பவர்களிடம் "நீங்கள் சரியாக விளையாடவில்லை" என்று சண்டை போடாதீர்கள், அவர்கள் சரியாகத்தான் விளையாடியிருக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால்

பிடிக்காமல் போகலாம், அதில் ஒன்றும் இல்லை. அந்தக் கட்டடம், அந்தச் சுற்று, அந்த லாக்கர்தான் வேண்டும் என்றால் முதல் பாகத்துக்கு 2014இல் வந்த விசில்பிளோயர் என்ற கூடுதல் அத்தியாயத்துக்குப் போங்கள், பலர் அதைத்தான் இந்தத் தொடரின் உச்சம் என்கிறார்கள். தனியாகப் பயப்படுவது போதும், நண்பர்களோடு சேர்ந்து கத்தலாம் என்றால் 2024 மார்ச்சில் முழுமையாக வெளிவந்த அவுட்லாஸ்ட் ட்ரையல்ஸ் இருக்கிறது, நான்கு பேர் வரை ஆடலாம். அதிலும் ஓடுவதுதான் அதிகம், ஆனால் கூட ஓட ஆள் இருக்கும்.

பிடித்துப்போய் இரண்டாவது முறை ஆடுகிறீர்கள் என்றால் ஹார்ட் போதும். ஒரே உயிரோடு, இடையில் சேமிப்பே இல்லாமல் ஆடும் இன்சேன் நிலையைப் பயத்துக்காக யாரும் ஆட வேண்டாம், அது ஒவ்வொரு வேலியிடுக்கும் மனப்பாடமான ஓட்டப்பந்தயக்காரர்களுக்கு. அதற்குப் போகிறவர்கள் சோளக்காட்டையும் காட்டுப் பகுதியையும் தனித்தனியாகப் பழகிக்கொள்ளுங்கள், பல ஓட்டங்கள் அங்கேதான் முடிகின்றன.